‘படலம் படியவைக்கப்பட்டது’

புல உமிழ்வு பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்றில் மிகக் குறைவாகச் சொல்லி மிக அதிகமாக மறைக்கும் வாக்கியம் எது என்று தேடினால், அது பெரும்பாலும் செய்முறைப் பகுதியின் இரண்டாவது வரியில் அகப்படும். “சிலிக்கன் அடித்தளத்தின் மீது 5 நானோமீட்டர் தடிமனுள்ள நிக்கல் படலம் படியவைக்கப்பட்டது.” இலக்கணப்படி இது குறையற்ற வாக்கியம். செயப்பாட்டு வினை, எழுவாயிடத்தில் ஒரு பொருள், செய்தவர் இல்லை. எந்த அழுத்தத்தில், எந்த வேகத்தில், எவ்வளவு சூட்டில், எந்த அறையில், அதற்கு முந்தைய நாள் அதே அறையில் எந்த உலோகம் ஆவியாக்கப்பட்டது என்பவை எல்லாம் அந்தப் ‘பட்டது’ என்ற துணைவினைக்குள் புதைந்து கிடக்கின்றன. அதற்கடுத்த பத்துப் பக்கங்கள் அந்தப் புதைகுழியின் மேல் எழுப்பப்பட்ட மாளிகை.

உலோகப் படலத்தின் செய்முறைதான் உமிழ்வானின் தரத்தைத் தீர்மானிக்கிறது என்பது இத்துறையில் யாரும் மறுக்காத உண்மை. மறுக்காமலேயே புறக்கணிக்கப்படும் உண்மையும் அதுவே. கருத்தரங்குகளின் தேநீர் இடைவேளையில் எல்லாரும் அதைப் பற்றியே பேசுகிறார்கள்; மேடையேறியதும் பீட்டா மதிப்பைப் பற்றிப் பேசுகிறார்கள்.

அடிப்படையை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. ஓர் உலோகப் பரப்பின் மீது நானோமீட்டருக்குச் சில வோல்ட் அளவிலான மின்புலம் செயற்படும்போது, எலக்ட்ரான்கள் சூடேற்றப்படாமலேயே குவாண்டம் ஊடுருவலால் வெற்றிடத்துக்குள் வெளிவருகின்றன. 1928-இல் ஃபௌலரும் நார்டைமும் தந்த சமன்பாட்டில் மின்னோட்டம் இரண்டு அளவுகளை அடுக்குக்குறியில் சுமக்கிறது: பரப்பின் வெளியேற்று ஆற்றல், உமிழ்முனையில் உள்ள மின்புலம். அடுக்குக்குறியில் ஏறிய எதுவும் சிறு பிழையை மன்னிப்பதில்லை. வெளியேற்று ஆற்றல் 4.5 எலக்ட்ரான்வோல்ட்டிலிருந்து 4.6 ஆக உயர்ந்தால், நானோமீட்டருக்கு 4 வோல்ட் புலத்தில் மின்னோட்டம் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்துவிடும். அந்த 0.1 எலக்ட்ரான்வோல்ட் மாற்றத்துக்குப் பரப்பில் ஒட்டிய ஆக்சிஜனின் ஒரு பகுதி அணு அடுக்கே போதும். முனையின் வளைவு ஆரம் சற்று மாறினால் புலமே மாறிவிடும். இவ்விரண்டையும், அதாவது பரப்பின் வேதியியலையும் முனையின் வடிவத்தையும், முடிவு செய்வது படலம் உருவான விதம். எனவே செய்முறையை ஒற்றை வரியில் கடப்பது சமையற்குறிப்பில் உப்பின் அளவை விட்டுவிடுவது போன்றதன்று. அடுப்பை மூட்டவேண்டும் என்பதையே விட்டுவிடுவது.

‘5 நானோமீட்டர் படலம்’ என்ற தொடரையே முதலில் எடுத்துக்கொள்ளலாம். அந்த 5 எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் ஆவியாக்கும் அறையில் தொங்கும் குவார்ட்சுப் படிக அளவியிலிருந்து. அந்தக் கருவி தடிமனை அளப்பதில்லை. தன்மேல் படிந்த நிறையை அளந்து, உலோகக் கட்டியின் அடர்த்தியால் வகுத்துத் தடிமனாக மாற்றிக் காட்டுகிறது. அளவி இருக்கும் இடமும் அடித்தளம் இருக்கும் இடமும் வேறு என்பதால் ஒரு திருத்தக் காரணியும் இடையில் நுழைகிறது. அதைக் கடைசியாகச் சரிபார்த்தவர் யார் என்பது பல ஆய்வகங்களில் புராண காலத்துச் செய்தி. அதற்கும் மேலாக, ஆக்சைடுப் பரப்பில் முதல் சில நானோமீட்டர் நிக்கலோ இரும்போ தொடர்ச்சியான படலமாக அமைவதில்லை. தனித்தனித் தீவுகளாகவே தொடங்குகிறது. ஆக, ‘படலம்’ எனப்படுவது பல நேரங்களில் படலமே அன்று. ‘5’ எனப்படுவது ஒரு சராசரிக் கணக்கு. பெயர்ச்சொல்லும் எண்ணுப்பெயரும் இரண்டுமே ஐயத்துக்குரியவையாக உள்ள ஒரு தொடரை எந்த மதிப்பீட்டாளரும் கேள்வி கேட்பதில்லை.

அடுத்தது வெற்றிடம். 10⁻⁶ டார் அழுத்தம் என்பது ‘உயர் வெற்றிடம்’ என்ற பெருமிதத்துடன் எழுதப்படுகிறது. அந்த அழுத்தத்தில் எஞ்சியுள்ள வாயு மூலக்கூறுகள் சில நொடிகளில் ஒரு பரப்பை முழுவதுமாக மூடும் அளவுக்கு வந்து மோதுகின்றன. உலோகம் நொடிக்கு 0.1 நானோமீட்டர் என்ற நிதானமான வேகத்தில் படிந்தால், பரப்பை வந்தடையும் ஒவ்வோர் உலோக அணுவுக்கும் ஏறத்தாழ ஒரு வாயு மூலக்கூறு போட்டிக்கு நிற்கிறது என்று பொருள். எல்லாம் ஒட்டிக்கொள்வதில்லை என்பது உண்மை; ஆனால் டைட்டானியம், குரோமியம் போன்ற ஆக்சிஜன் வேட்கை மிகுந்த உலோகங்களில் கணிசமாக ஒட்டிக்கொள்ளும். அழுத்தத்தையும் வேகத்தையும் சொல்லாமல் ‘டைட்டானியம் படலம்’ என்று எழுதினால், வாசிப்பவர் கையில் இருப்பது உலோகமா, பாதி ஆக்சைடா என்பது அவருக்குத் தெரியாது. எழுதியவருக்கும் தெரியாது என்பது கொடுமை.

இவை எல்லாம் புதுக் கண்டுபிடிப்புகள் அல்ல. 1968-இல் எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்தின் சார்லஸ் ஸ்பின்ட் வெளியிட்ட மென்படல உமிழ்வானின் கதை முழுக்க முழுக்கச் செய்முறையின் கதை. ஆக்சைடு அடுக்கில் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் அகலமுள்ள சிறு குழி. அதன் மேல் உலோகக் கேட். அடித்தளத்தைச் சுழற்றியபடியே சாய்ந்த கோணத்தில் முதலில் ஒரு விலக்கு அடுக்கு. பிறகு நேர்மேலிருந்து மாலிப்டினம். மேலே படியும் மாலிப்டினம் குழியின் வாயைச் சிறிது சிறிதாக மூட மூட, உள்ளே விழும் உலோகம் குறுகிக் குறுகிக் கூம்பாகிறது. வாய் முற்றிலும் மூடும் கணத்தில் கூம்பின் முனை பிறக்கிறது. அந்த முனையை எந்த உளியும் செதுக்கவில்லை. படலம் வளர்ந்த விதமே அதைச் செதுக்கியது. மேலே படிந்த படலத்தில் தகைவு மிகுந்தால் வாய் மூடுவதற்கு முன்பே அது உரிந்து வந்துவிடும். அத்தனை கூம்பும் மொட்டையாகவே நின்றுபோகும்.

அந்தத் தகைவும் ஒரு செய்முறைச் செய்திதான். ஸ்பட்டரிங் முறையில் ஆர்கான் அழுத்தம் குறைவாக இருந்தால் உலோகப் படலங்கள் பெரும்பாலும் அமுக்கத் தகைவுடனும், அழுத்தம் உயர்ந்தால் இழுவிசைத் தகைவுடனும் வளர்கின்றன. இடைப்பட்ட திருப்புமுனை ஒவ்வோர் அறைக்கும் வேறு. இன்னொன்று: 1969-இல் மோவ்சனும் தெம்சிஷினும் முன்வைத்து, 1974-இல் தார்ன்டன் விரிவாக்கிய அமைப்பு மண்டல வரைபடம், அடித்தள வெப்பநிலைக்கும் உலோகத்தின் உருகுநிலைக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு படலத்தின் உள்ளமைப்பைக் கணிக்கிறது. மாலிப்டினம் ஏறத்தாழ 2900 கெல்வினில் உருகும். அறை வெப்பநிலையில் விகிதம் 0.1. அது வரைபடத்தின் அடிக்கோடி: நெருக்கி நட்ட மூங்கில்கள் போல இடைவெளிகளுடன் எழும் தூண்கள். உமிழ்வானுக்கு உகந்தவை எனத் தேர்ந்தெடுக்கப்படும் மாலிப்டினமும் டங்ஸ்டனும் உயர் உருகுநிலை கொண்டவை. அதனாலேயே, சூடேற்றாமல் படியவைக்கும்போது மிக நுண்துளை மிகுந்த படலங்களைத் தருபவையும் அவையே. அந்த இடைவெளிகளுக்குள் காற்றும் ஈரமும் குடியேறுகின்றன. பிறகு உமிழ்வின்போது மெல்ல மெல்ல வெளியேறி மின்னோட்டத்தை ஆட்டிவைக்கின்றன. அதற்குக் கட்டுரையில் தரப்படும் பெயர் ‘இரைச்சல்’.

கார்பன் நானோகுழாய்களிடம் வந்தால் இக்கதை இன்னும் கூர்மையாகிறது. 1995-இல் நானோகுழாய் உமிழ்வு பற்றிய முதற் கட்டுரைகள் வெளியானது முதல் இன்றுவரை பெரும்பாலான புகழ் குழாய்க்கே போகிறது; அந்தக் குழாயைப் பெற்றெடுத்த உலோகப் படலத்துக்கு ஒரு வரிக்கு மேல் கிடைப்பதில்லை. வினையூக்கிப் படலத்தைச் சூடேற்றும்போது, அது தன் உருகுநிலைக்கு வெகு கீழேயே, எண்ணெய் தடவிய கல்லில் தெளித்த நீர் முத்து முத்தாகத் திரள்வதைப் போல, துகள்களாகத் திரண்டுவிடுகிறது. துகளின் அளவே பெரும்பாலும் குழாயின் விட்டம். படலம் தடித்தால் துகள்கள் பெருத்து எண்ணிக்கையில் குறையும். மெலிந்தால் சிறுத்துப் பெருகும். சூடேற்றும் வேகம், ஹைட்ரஜனா அம்மோனியாவா என்பது, எத்தனை நிமிடம் என்பது எல்லாம் இத்திரட்சியை மாற்றும். வெறும் சிலிக்கன் மேல் நிக்கலைப் போட்டுச் சூடேற்றினால், குழாய் வளரும் வெப்பநிலையை எட்டுவதற்கு முன்பே நிக்கல் சிலிக்கனுடன் கூடிச் சிலிசைடாகிவிடும், வினையூக்கியே இல்லாமற்போகும். ஆகவே இடையில் ஒரு தடுப்பு அடுக்கு வேண்டும். அந்த அடுக்கும் ஒரு படலமே. அதுவும் ‘படியவைக்கப்பட்டது’.

குழாய்களின் இடைவெளி வேறொரு கணக்கு. அருகருகே நிற்கும் குழாய்கள் ஒன்றன் மின்புலத்தை மற்றொன்று மறைத்துக்கொள்ளும். உயரத்தைப் போல ஏறத்தாழ இருமடங்கு இடைவெளி இருந்தால் உமிழ்வு சிறக்கும் என்பது 2000-ஆம் ஆண்டளவிலேயே தெளிவாகிவிட்டது. ஒரு மைக்ரோமீட்டர் உயரக் குழாய்களுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 2.5 கோடி குழாய்கள் போதும். ஆனால் படலத்தைச் சூடேற்றித் துகளாக்கினால், துகள்களின் இடைவெளி நூறு நானோமீட்டர் என்று கொண்டாலும், 1000 கோடி கிடைக்கும். தேவைக்கு நானூறு மடங்கு. அந்தக் காட்டில் உண்மையில் உமிழ்பவை, எப்படியோ மற்றவற்றைவிட ஓங்கி வளர்ந்த சில தற்செயல் மரங்கள் மட்டுமே. கட்டுரை அளப்பது அந்தத் தற்செயலை. உரிமை கொண்டாடுவது காட்டுக்கு.

இனிப் பீட்டாவுக்கு வரலாம். புலப் பெருக்கக் காரணி என்னும் இந்த எண்தான் இத்துறையின் செலாவணி. ஃபௌலர்–நார்டைம் வரைகோட்டின் சாய்விலிருந்து அதைக் கணக்கிட்டு, ‘5000’, ‘10,000’ என்று சுருக்கவுரையில் பொறிக்கிறார்கள். ஒரு தனித் தூணின் பெருக்கக் காரணி ஏறத்தாழ அதன் உயரத்தை முனையின் ஆரத்தால் வகுத்த அளவினது. ஒரு மைக்ரோமீட்டர் உயர உமிழ்வானுக்குப் பீட்டா 10,000 என்றால் முனையின் ஆரம் 0.1 நானோமீட்டர். ஓர் உலோக அணுவின் ஆரமே அதைவிடப் பெரியது. அணுவைக் காட்டிலும் கூரான ஊசி செய்துவிட்டதாக ஒருவர் கடைத்தெருவில் சொன்னால் சிரிப்பார்கள். மதிப்புமிக்க இதழில் சொன்னால் மேற்கோள் காட்டுகிறார்கள். மேட்டின் மேல் மேடு இருந்தால் காரணிகள் பெருகும் என்ற விளக்கம் உண்டு, அது சில அமைப்புகளுக்குப் பொருந்தவும் செய்யும். ஆனால் அந்த இரண்டாம் மேட்டை நுண்ணோக்கியில் காட்டவேண்டிய கடமையும் உண்டு.

2013-இல் ரிச்சர்ட் ஃபோர்ப்ஸ் இதற்கு ஓர் எளிய சோதனையையே தந்துவிட்டார். வரைகோட்டின் சாய்வையும் அளவீட்டு எல்லையையும் கொண்டு, உமிழ்முனையில் தடையரண் எந்த அளவுக்குத் தாழ்ந்திருக்கிறது என்று கணக்கிடலாம். 4.5 எலக்ட்ரான்வோல்ட் பரப்புக்கு நானோமீட்டருக்கு ஏறத்தாழ 14 வோல்ட் புலத்தில் அரண் முற்றிலும் மறைந்துவிடும். அதை நெருங்கும் மதிப்புகள் வந்தால் அளவீட்டை அந்தச் சமன்பாட்டால் விளக்கமுடியாது; பீட்டா பொய். விரிதாளில் சில நிமிட வேலை. அவர் எடுத்துப் பார்த்த வெளியான தரவுகளிலேயே பல இதில் தோற்றன. இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் இச்சோதனையைச் செய்யாத கட்டுரைகள் தடையின்றி வெளிவருகின்றன.

இவ்விடத்தில்தான் படலத்தின் செய்முறைக்கும் பீட்டாவின் பொய்க்கும் உள்ள கள்ளத் தொடர்பு வெளிப்படுகிறது. உமிழ்வானுக்கு அடியில் உள்ள உலோகப் படலம் மோசமாக அமைந்து, தொடுமின்தடை மிகுந்துவிட்டது என்று கொள்வோம். மின்னழுத்தம் ஏற ஏற, அதில் ஒரு பகுதி அந்தத் தடையிலேயே விழுந்துவிடும். மின்னோட்டம் எதிர்பார்த்த அளவுக்கு உயராது. வரைகோட்டின் சாய்வு தட்டையாகும். சாய்வு குறைந்தால் கணக்கில் பீட்டா பெருகும். ஆக, கெட்ட படலம் போட்டவருக்குச் சாதனை எண் கிடைக்கிறது. நல்ல படலம் போட்டவருக்கு அடக்கமான, நேர்மையான, வெளியிடத் தகாத எண் கிடைக்கிறது. குறைபாட்டையே தகுதியாக எண்ணித் தரும் அளவுகோலை ஒரு துறை இத்தனை காலம் கையில் வைத்திருப்பது வெறும் கவனக்குறைவு என்று சொல்லிவிட முடியாது. அதனால் பயன்பெறுவோர் இருக்கிறார்கள்.

“பீட்டா ஒப்பீட்டுக்கு மட்டுமே, அதன் நேர்மதிப்பை யாரும் நம்புவதில்லை” என்பது வழக்கமான சமாதானம். மறுப்புகளுள் வலுவானதும் இதுவே. ஆனால் ஒப்பிடவேண்டுமானால் அளவுகோல் ஒன்றாக இருக்கவேண்டும். தொடக்கப் புலம் என்று ஒரு குழு சதுர சென்டிமீட்டருக்கு 10 மைக்ரோஆம்பியர் கிடைக்கும் புலத்தைச் சொல்கிறது. வேறொரு குழு 1 மைக்ரோஆம்பியரைச் சொல்கிறது. இன்னொன்று அதற்கும் கீழே இறங்குகிறது. சொல் ஒன்று, பொருள் மூன்று. மொழியில் இதற்குப் பலபொருள் ஒருமொழி என்று பெயர். செய்யுளில் அது அணி. ஒப்பீட்டு அட்டவணையில் அது மோசடிக்கு வெகு அருகில் நிற்கிறது.

“இதழ்களில் இடமில்லை” என்ற சாக்கு துணை ஆவணங்கள் இணையத்தில் ஏறிய நாளிலேயே செத்துவிட்டது. “இவை எல்லாருக்கும் தெரிந்தவை” என்பது இன்னும் விந்தையானது. எல்லாருக்கும் தெரியுமானால், வெளியான செய்முறையை நம்பி இறங்கிய மாணவர்கள் ஏன் ஆண்டுக்கணக்கில் தடுமாறுகிறார்கள்?

அப்படி ஒரு மாணவரை எண்ணிப் பார்க்கலாம். இந்தியாவில் அவர் எங்கும் இருக்கிறார். தன் துறையில் ஆவியாக்கும் அறை இல்லை. வேறு நிறுவனத்தின் பொதுவசதிக்கு விண்ணப்பித்து, மணிக்கணக்கில் கட்டணம் கட்டி, முறை வரும்வரை காத்திருக்கிறார். இந்திய அறிவியற்கழகமும் மும்பை ஐ.ஐ.டி.யும் தங்கள் நானோ ஆய்வகங்களை வெளியாருக்குத் திறந்துவிட்டது பெரும் கொடை; அதை மறுப்பது நன்றிகேடு. ஆனால் பொதுவசதிகள் பெருகிய இந்தக் காலத்தில் படலம் போடுபவர் ஒருவர், அளப்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர் என்றாகிவிட்டது. அறையின் குணத்தை அறிந்தவர் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் பணிபுரியும் ஒரு தொழில்நுட்ப உதவியாளர். எந்தக் காலையில் அழுத்தம் இறங்க மறுக்கும், எந்த மூசையில் நிக்கல் தெறிக்கும், யாருடைய துத்தநாகம் போன வாரம் அறையைக் கெடுத்தது என்பதெல்லாம் அவருக்கே தெரியும். கட்டுரையில் அவர் பெயர் நன்றியுரையில் வந்தால் உண்டு. ‘படியவைக்கப்பட்டது’ என்ற வினையில் காணாமற்போன எழுவாய் அவர்தான்.

மாணவர் படலத்தைக் கைப்பெட்டியில் வைத்து இரயிலில் தன் ஊருக்குக் கொண்டுவருகிறார். இரண்டு நாள் காற்று, ஈரம். கட்டுரையில் அந்தப் பயணம் இல்லை. அவர் முன்னோடியாகக் கொண்ட வெளிநாட்டுக் கட்டுரையில் படலம் காற்றையே காணாமல் அடுத்த அறைக்குச் சென்றது. அதுவும் அக்கட்டுரையில் இல்லை. எண்கள் ஒத்துவரவில்லை. வழிகாட்டி அவரது கைத்திறனை ஐயுறுகிறார். முனைவர்ப் பட்டத்துக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 நெறிமுறைகளில் நீக்கிவிட்டது. ஆயினும் வேலைச் சந்தை நீக்கவில்லை. நான்காம் ஆண்டில் அவர் முன் இரண்டு வழிகள். பத்து மாதிரிகளுள் ஒன்பது தோற்றன என்று எழுதுவது. அல்லது தேறிய ஒன்றைச் ‘சிறப்பு மாதிரி’ எனக் காட்டி, பீட்டா 6000 என்று எழுதுவது. முதல் வழியை ஏற்கும் இதழ்கள் எத்தனை என்பதை இதை வாசிக்கும் பேராசிரியர்களே சொல்லட்டும். அவர்களுட் பலர் மதிப்பீட்டாளர்களும்கூட.

செய்முறையைக் கருவியின் உயிராகவே கருதிய முயற்சிகளும் உண்டு. கேனன் நிறுவனம் 1980-களின் நடுவிலிருந்து வளர்த்த பரப்புக் கடத்தல் உமிழ்வான் அவற்றுள் ஒன்று. பலேடியம் ஆக்சைடுத் துகள்களாலான மெல்லிய படலத்தை அச்சிட்டு, அதன் வழியே மின்னோட்டம் செலுத்திப் பிளவுபடுத்தி, பின்னர்க் கரிம ஆவியில் மீண்டும் மின்னழுத்தம் தந்து கார்பனைப் படியச்செய்து அப்பிளவைச் சில நானோமீட்டருக்குச் சுருக்கினார்கள். அங்கே படலத்தை உடைக்கும் முறைதான் உமிழ்வான். தோஷிபாவுடன் சேர்ந்து திரைத் தொலைக்காட்சிவரை கொண்டுபோனார்கள். உரிம வழக்கும் திரவப் படிகத் திரைகளின் விலை வீழ்ச்சியும் சேர்ந்து 2010-இல் அதை முடித்துவைத்தன. சந்தையில் தோற்ற அந்தப் படலத்தின் செய்முறை காப்புரிமை ஆவணங்களில் வெப்பநிலை, அழுத்தம், துடிப்பின் கால அளவு என வரிவரியாகக் கிடைக்கிறது. இலாப நோக்குள்ள ஒரு நிறுவனத்தின் சட்ட ஆவணம், அறிவைப் பொதுவுடைமை என்று முழங்கும் பல்கலைக்கழகக் கட்டுரையைவிட வெளிப்படையாக இருக்கிறது.

கேட்கவேண்டியவை அரிய பொருள்கள் அல்ல. அறையின் அடிப்படை அழுத்தமும் படியும்போதிருந்த அழுத்தமும், வேகம், அடித்தளச் சூடு, தடிமனை எக்கருவி, எப்போது அளந்தது, படலம் போட்டதற்கும் அளந்ததற்கும் இடையே எத்தனை மணிநேரக் காற்று, சூடேற்றிய வேகமும் வாயுவும், எத்தனை மாதிரிகளுள் எத்தனை தேறின, மூல மின்னோட்ட–மின்னழுத்தத் தரவு, ஃபோர்ப்ஸ் சோதனையின் விடை. ஒரு பக்கத்தில் அடங்கும். இதைத் தராத கட்டுரையைத் திருப்பியனுப்ப மதிப்பீட்டாளருக்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. படலம் போட்டவரின் பெயரைக் கட்டுரையாளர் வரிசையில் சேர்க்கவும் எந்த விதியும் தடையாக இல்லை.

பொதுவசதி ஒவ்வொன்றிலும் அறையின் அருகே ஒரு பதிவேடு கிடக்கும். நாள், பயனர், உலோகம், அழுத்தம், வேகம், ‘இன்று மூசை வெடித்தது’, ‘பம்ப் எண்ணெய் மாற்றியது’ என்று பலரது கையெழுத்தில். கட்டுரைகளில் விடுபட்ட அனைத்தும் அதில் இருக்கிறது. கருவி பழசாகிக் கழிக்கப்படும் நாளில், கொள்முதல் கோப்பைப் பத்திரமாகத் தணிக்கைக்கு எடுத்து வைக்கிறார்கள். பதிவேட்டைப் பழைய தாளோடு எடைக்குப் போடுகிறார்கள்.